எனக்காக விழித்திருந்தவர்கள்

எங்கள் வீட்டில் நான் அழுதால் யாரும் பயப்பட மாட்டார்கள். சிரித்தால்தான் பயப்படுவார்கள். காலையில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவினால் போதும், அடுப்படியில் என் மனைவியின் கை அப்படியே நின்றுவிடும். எட்டி என் கண்ணைப் பார்ப்பாள். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்பாள். தூங்கினேன் என்று சொன்னாலும் முழு நம்பிக்கை வராது. அன்று முழுவதும் என் பின்னாலேயே அவள் கண் வரும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. என் நோவு அப்படிப்பட்டது. சில மாதம் எழுந்து பல் விளக்கக்கூட மனமில்லாமல் சுருண்டு கிடப்பேன். பிறகு ஒரு நாள் சந்தோஷம் வரும். வந்த சந்தோஷம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். தூக்கம் போய்விடும், பேச்சு ஓயாது, உலகத்தில் என்னால் முடியாத காரியமே இல்லை என்று தோன்றும். டாக்டர் இதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். என் மனைவி வைத்த பெயர் 'ஏறிக்கிச்சு'.

முதல் தடவை அது ஏறியது எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் கரகம் எடுத்தேன். ஓடைக்கரையில் கரகத்தைச் சோடித்து என் தலையில் வைத்தார்கள். தப்பும் உறுமியும் சேர்ந்து முழங்கின. ஆடினேன். லயம் லயமாக, எங்கள் வரிசை வீடுகள் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் ஆடினேன். கரகத்தை இறக்கிய பிறகும் ஆடினேன். மறுநாளும் ஆடினேன். ஜனங்கள் காலில் விழுந்து குறி கேட்டார்கள். நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். இப்படி ஒரு அருளை இந்த எஸ்டேட் கண்டதே இல்லை என்று வயதானவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் நான் விழுந்த பிறகுதான் என் மச்சான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

ஆத்தா மனுஷர் மேல் இறங்குவாள் என்பதை நான் நம்புகிறேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவள் இறங்கினால் வந்த காரியம் முடிந்ததும் போய்விடுவாள். அந்த ஆளைச் சாப்பிட விடுவாள், தூங்க விடுவாள். என்னிடம் வந்தது போகவில்லை. அதனால்தான் அது அவள் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சித்திரை பிறந்து தப்புச் சத்தம் கேட்டால் என் மனைவி கதவைச் சாத்தி ரேடியோவைக் கூட்டி வைப்பாள். எஸ்டேட் முழுவதும் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நிற்கும். நான் உள்ளே உட்கார்ந்து சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன். பெற்ற தாய் வாசலில் வந்து நிற்க, போய்ப் பார்க்க முடியாதவன் போல இருக்கும். மாத்திரை என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வாசலை அதனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்த காலம் வந்தது. பச்சை இலைக்குக் கேட்பாரில்லை. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சிறு தோட்டக்காரர்கள் கொழுந்து பறிக்காமல் விட்டதில் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாய் நின்றன. குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. இலை வண்டி வராததால் அது சும்மா கிடந்தது. எங்கள் சங்கதியெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் ஆரம்பித்தது.

மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல டாக்டர்தான் யோசனை சொன்னார். உங்கள் பக்கத்திலிருந்து மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வாரம் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள், நான் சொல்வதைவிட நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்வது சில சமயம் நன்றாக ஏறும் என்றார். முதல் வாரம் அவரே கொட்டகைக்கு வந்தார்.

அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வட்டமாக உட்காருங்கள் என்று டாக்டர் பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று தராசுக்கு முன்னால் நின்றோம். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு விடிந்தால் பிரட்டுக்களம்தான். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிந்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. டாக்டர் ஒவ்வொருவராக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேன் சார், நல்லா இருக்கேன் சார் என்று வரிசையாகச் சொன்னோம். பிரட்டில் நின்று உடம்பு சரியில்லை என்று சொன்னால் அன்றைய வேலை போய்விடும். அந்தப் பயம் எங்கள் நாக்கிலேயே ஊறியிருந்தது. எல்லோரும் நன்றாக இருந்ததால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. பாவம், அந்த டாக்டர் பெஞ்சுகளைத் தாமே தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறு வாரம் டாக்டர் வரவில்லை. நாங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். வரிசையில் முதலில் நின்றது கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. என் அப்பா அம்மாவைப் போலவே இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். எங்களில் மூத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இங்க என்ன கங்காணியா நிக்கிறான்? எனக்கு நல்லா இல்ல. இன்னைக்கு அரைப்பேர்தான்."

அரை நாள் வேலைக்கு அரைச் சம்பளம் போடுவதைத்தான் அரைப்பேர் என்பார்கள். அக்கா தன் மனசுக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டார். கங்காணி எங்கேயும் போகவில்லை, தன் காதுக்குள்ளேதான் குடியிருக்கிறான், வேலை இல்லாத நாளிலும் ஏசுகிறான் என்றார். அவருக்குக் குரல்கள் கேட்கும் நோவு. அதை அவர் சொன்ன மாதிரியில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்போடு எல்லோரும் உட்கார்ந்தோம். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் நல்லா இருக்கேன் என்ற பேச்சே கிடையாது. முழுப்பேர், அரைப்பேர், பேரே இல்லை. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இன்னும் சிலர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நிலைத்து வந்தவர்கள் அக்காவும் நானும், பிறகு இரண்டு பேர். ஒருவர் இலை வண்டி ஓட்டிய டிரைவர், மேட்டுப்பாளையத்துக்காரர். கொண்டை ஊசி வளைவில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு செத்துவிடுவோம் என்ற பயம் வந்துவிடும் அவருக்கு. "வண்டிக்குப் பிரேக் இருக்குதுங்க, எனக்குத்தானுங்க இல்லை" என்பார். இன்னொருவர் சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர். கணவர் இறந்த பிறகு அவருக்கு மனச்சோர்வு. ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை என்று சொல்லி ஒரு நாள் அழுதார். நாங்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை. எனக்கும் ஆத்தா படத்துக்கு முன்னால் அப்படி ஆகியிருக்கிறது என்றேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்குமா என்று கேட்டார். அந்த 'உங்களுக்குமா' என்ற வார்த்தைக்குள் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் ஃபேக்டரியில் மேல்மாடியில் வேலை பார்த்தவன். பச்சை இலையைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டும் இடம் அது. இலை சரியாக வாடியதும் பச்சை வாடை மாறிப் பழம் போல ஒரு மணம் வரும். அப்போதுதான் கீழே இறக்க வேண்டும். ஆனால் ஷிப்ட் முழுவதும் மேலேயே நிற்கிறவன் மூக்குக்கு அந்த மணம் தெரியாது. பழகிப் போயிருக்கும். அதனால் கீழே வேலை செய்கிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வோம். அவர் எங்களைவிடப் பெரிய ஆள் என்பதால் இல்லை, வெளியிலிருந்து வருகிறார், அவ்வளவுதான். அதே சமயம் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டாலும் பிரயோஜனமில்லை. தேயிலை தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்கள் கூட்டம் எனக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். என் சந்தோஷம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. என் மனைவிக்குப் பயத்தில் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது.

இப்படிக் கொஞ்ச காலம் போன பிறகு கோயில் கமிட்டியிலிருந்து என் வீட்டுக்கு ஆள் வந்தார்கள்.

வழக்கமாகக் கரகம் எடுப்பவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். ஆளில்லை, இந்த வருஷம் நீ எடு என்றார்கள். என் நெஞ்சு குதித்தது. உடனே ஒருவர், "அந்த வருஷம் ஆடினியே, அதே மாதிரி ஆடணும்ப்பா. பஞ்சத்துல கிடக்கிற எஸ்டேட்டுக்கு ஆத்தா வாக்குச் சொல்லணும்" என்றார். எனக்குச் சொரேர் என்றது. அவர்களுக்கு வேண்டியது என்னை இல்லை. என் நோவை.

அவர்கள் போனதும் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். வேண்டாம். எனக்கோ போக வேண்டும். ஆடுவதற்காக இல்லை. ஒரே ஒரு தடவை சுயபுத்தியோடு, தெளிந்த மனுஷனாக, அவளை என் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பறிபோன வாசலில் நான் மறுபடி நிற்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடக் கூடாது, இரண்டும் நடந்தால் எடுங்கள் என்றார். அங்கேதான் சிக்கல். காப்புக் கட்டியவன் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று விரதம் இருக்க வேண்டும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். கரகத்துக்கு முந்தின இரவு கோயிலில் கண் மூடாமல் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். என்னை ஏற்றிவிடுவதே தூக்கமில்லாத இராத்திரிதான்.

அந்த வாரம் கொட்டகையில் விஷயத்தைப் போட்டேன். டீச்சர் வேண்டவே வேண்டாம் என்றார். உடம்பு தேறிவிட்டது என்று தாமாக மாத்திரையை நிறுத்தி மறுபடி படுக்கையில் விழுந்தவர் அவர். அந்தப் பயத்தில் பேசினார். டிரைவர் பூசாரியிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். பேச்சு நடக்கும்போதே என் மனைவி கொட்டகைக்குள் வந்து நின்றாள். அதுவரை ஒரு நாளும் அவள் அங்கே வந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அக்காவிடம் கேட்டாள்.

"ஏங்க அக்கா, இவருக்கு ஏறிக்கிச்சுன்னா கமிட்டிக்காரங்களா வந்து பிடிப்பாங்க? நான்தானே ஒத்தையா கிடந்து அல்லாடணும்?"

அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஒத்தையா எதுக்கு, தங்கச்சி? நாங்க வர்றோம். எனக்குக் காதுல சத்தம் கூடுற அன்னைக்கு இவன்தானே வந்து வாசல்ல உக்காந்தான்."

என் மனைவிக்கு அது தெரியாது. அக்காவுக்குப் பேரே இல்லாத நாட்களில் நான் அவர் வாசலில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், காதுக்குள் இருக்கும் கங்காணியை அடக்க வெளியே ஒரு குரல் வேண்டும் என்பதற்காக. வீட்டில் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய ஆளாகவே என்னைப் பார்த்துப் பழகியவள், அடுத்தவரைப் பார்த்துக்கொள்கிற ஆளாக அன்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அக்காதான் வழி சொன்னார். தேயிலை மலையில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் பக்கத்தில் பறிக்கிறவர்கள் அவளுடைய நெரையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். நெரை என்றால் ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசை. "முழிக்கிறதுதானே இவனுக்கு ஆகாது? அந்த நெரையை நாங்க எடுக்கிறோம்" என்றார்.

பூசாரியிடம் நான்கு பேரும் சேர்ந்தே போனோம். மாத்திரை விழுங்கினால் விரதம் கெடுமா என்று முதலில் கேட்டேன். மருந்து தீட்டில்லை, தனக்கே சர்க்கரைக்கு மாத்திரை உண்டு என்றார் அவர். எனக்குப் பதிலாக இவர்கள் விழித்திருக்கலாமா என்று கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டே எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். விளக்கு அணையாமல் இருந்தால் ஆத்தாளுக்குப் போதும், பார்க்கிற கண் யாருடையது என்று அவள் கேட்கப் போவதில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததும் டிரைவர் கோயில் வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

காப்புக் கட்டினார்கள். அந்த நாட்களில் தினம் சாயங்காலம் கூட்டத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பார். மேல்மாடிக்கு மோந்து பார்க்க ஆள் வருகிற மாதிரி. தூங்கினாயா, சோறு ருசித்ததா, யார் மேலாவது காரணமில்லாமல் எரிச்சல் வந்ததா என்று கேட்பார்கள். என் பேச்சு வேகத்தைக் கவனிப்பார்கள். சந்தோஷம் எனக்குள் நுரைத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எனக்கே பயம். திருவிழாவுக்கு முந்தின நாள் டீச்சர் வந்தார். வேண்டாம் என்று சொன்னவர். முற்றத்தில் நின்று என்னிடம் வெகுநேரம் பேசிவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது நோவு இல்லைம்மா. இவர் சந்தோஷமா இருக்கார், அவ்வளவுதான். எந்த மனுஷனும் இருக்கிற மாதிரி."

அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். என் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி உள்ளே போய் டீச்சருக்கு டீ போட்டாள்.

அன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். கோயிலில் நடந்ததெல்லாம் காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவர்களுக்கும் தூக்கம் வேண்டும் அல்லவா, அதனால் ஃபேக்டரி மாதிரி ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். முதலில் அக்கா, பிறகு டீச்சர், விடியும்வரை டிரைவர். டீச்சர் கோயிலுக்குள் வரவில்லை. வாசல் படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு விளக்கு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கையில் ஜெபமாலை. அன்றைக்கு வார்த்தை வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். எந்தச் சாமி வாசலில் எந்தச் சாமி வரம் கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்!

காலையில் ஓடைக்கரையில் கரகம் சோடித்தார்கள். வேப்பிலையும் பூவுமாக அது என் தலையில் ஏறியபோது உடம்பு முழுவதும் சிலிர்த்தது. தப்பு முழங்கியது. கால் தானாகத் தாளம் போட்டது. கொஞ்சம் ஆடவும் ஆடினேன், ஏன் மறைக்க வேண்டும். ஆனால் தரை என் காலுக்குக் கீழே இருந்தது. மலையில் பனி கலைவது தெரிந்தது, யார் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று முகம் முகமாகத் தெரிந்தது. பூட்டிய வீடுகள் நிறைய. திறந்திருந்த வீட்டிலெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒவ்வொரு லயத்து முனையிலும் எங்கள் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதல் முனையில் டிரைவர். இரண்டாவது முனையில் டீச்சர். என் கண்ணைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், நான் மேலே நடப்பேன்.

ஃபேக்டரி திருப்பத்தில், வாக்குச் சொல்லணும் என்று கேட்ட அந்தக் கமிட்டிக்காரர் பொறுக்க முடியாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கொட்டு வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். தப்புக்காரர்கள் கூட்டினார்கள். பழைய வழி எனக்குத் தெரியும், ஒரு எட்டு வைத்தால் போய்விடலாம்.

"என்னப்பா, இந்த வருஷம் ஆத்தா இறங்கலையா?" என்றார் அவர்.

அங்கே நின்றவர் அக்கா. இடுப்பில் கை வைத்து இருவருக்கும் நடுவில் வந்தார்.

"இறங்கித்தான் இருக்கா. இன்னைக்கு நடந்து வர்றா. நீ வழிய விடு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொட்டு பழைய வேகத்துக்குத் திரும்பியது. நான் நடந்தேன். அந்தத் திருப்பத்திலிருந்து கோயில்வரை நான் நடந்த நடையை வார்த்தையில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. அவள் என் தலைமேல் இருந்தாள், நான் நானாக இருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வழியில் என் வீடு வந்தது. கதவு திறந்திருந்தது. ரேடியோ சத்தம் இல்லை. என் மனைவி குடத்தோடு வாசலில் நின்றாள். குனிந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். கும்பிட்டது ஆத்தாளைத்தான். நிமிரும்போது என் கண்ணையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

கரகத்தைக் கோயிலில் இறக்கினேன். இறக்கியதும் கொட்டு நின்றது. நானும் நின்றேன். எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிய அதிசயம். பசித்தது. கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். என் மனைவி வெங்காய முறத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்றேன். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கை நிற்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இருங்க. ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டு நாளைக்கும் இருங்க."